கினோசாகி ஒன்சென் போய்வர முழுமையான வழிகாட்டி: ஊரே ஒரு விடுதி

ஜப்பானில் ஒன்சென் எனப்படும் வெந்நீரூற்று ஊர்கள் ஏராளம். முதல் முறையாகப் போகிறவருக்கு ஒன்றே ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் கினோசாகியைத்தான் சொல்வேன். ஹியோகோ மாகாணத்தின் வடக்கு ஓரத்தில், ஜப்பான் கடலுக்குப் பக்கத்தில், மலைகளுக்கு நடுவே ஓதானி என்கிற சின்ன ஆற்றின் இரு கரையிலும் நீண்டு கிடக்கிற ஊர். ரயில் நிலையத்திலிருந்து ஊரின் மறுகோடிக்கு மெதுவாக நடந்தாலும் இருபது, இருபத்தைந்து நிமிடம்தான். அதற்குள் ஏழு பொதுக் குளியல்கூடங்கள், மரத்தால் கட்டிய பழைய விடுதிகள், கரையெங்கும் வில்லோ மரங்கள், வளைந்த கல்பாலங்கள்.

ஊர்க்காரர்கள் தங்கள் ஊரை ஒரே விடுதி என்று சொல்வார்கள். ரயில் நிலையம் வாசல், தெருக்கள் தாழ்வாரம், ஒவ்வொரு விடுதியும் ஓர் அறை, பொதுக் குளியல்கூடங்கள் குளியலறை. சுற்றுலாக்காரர்களைக் கவர்வதற்கான விளம்பர வாசகம் மாதிரித் தெரிந்தாலும், ஊர் உண்மையிலேயே அப்படித்தான் நடக்கிறது. எங்கே தங்குவது, எவ்வளவு செலவழிப்பது, எத்தனை மணிக்குப் போய்ச் சேருவது என்று நீங்கள் எடுக்க வேண்டிய எல்லா முடிவுக்கும் இதை வைத்தே விடை கண்டுபிடித்துவிடலாம்.

ஊர் எப்படி இப்படி ஆனது

அவசரமாக இருந்தால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம், ஆனால் படித்துவிட்டுப் போனால் அங்கே பார்க்கிற ஒவ்வொன்றும் புரியும்.

இங்கே குளியல் மரபுக்கு 1300 வருட வயது சொல்கிறார்கள். தோச்சி என்ற பௌத்தத் துறவி 717இல் இங்கு வந்து ஆயிரம் நாள் ஜெபம் செய்ததாகவும், 720இல் வெந்நீர் பொங்கியதாகவும் கோயில் மரபு. அந்த இடம்தான் இன்றைய மந்தாரா-யு குளியல்கூடம். மலைச்சரிவில் உள்ள ஒன்சென்ஜி கோயில் 738இல் நிறுவப்பட்டது. பழைய காலத்தில் குளிக்க வந்தவர்கள் நேராகத் தண்ணீருக்குப் போக மாட்டார்கள். முதலில் மலையேறி ஒன்சென்ஜியில் வணங்கி, குளிக்கும் முறையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஓர் அகப்பையை வாங்கிக்கொண்டு இறங்கி வந்த பிறகுதான் குளியல். நோய் தீர வேண்டி வந்தவர்களுக்குக் குளியலே ஒரு வழிபாடாக இருந்தது.

1925 மே 23 அன்று முற்பகலில் பெரிய நிலநடுக்கம். மதியச் சமையலுக்கு அடுப்பு எரிந்துகொண்டிருந்த நேரம், ஊர் முழுவதும் மரவீடுகள், தீ பரவி ஏறக்குறைய எல்லாம் சாம்பல். சுற்றுவட்டாரம் முழுவதும் சேர்த்து 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்புறம் ஊரைத் திரும்பக் கட்டியபோது ஆற்றை அகலப்படுத்தி, தெருக்களை விரித்து, தீ தாவாமல் இருக்க நடுநடுவே சில கான்கிரீட் கட்டிடங்களை வைத்தார்கள், ஆனால் மற்றதெல்லாம் பழையபடி மரத்தில்தான் வேண்டும் என்று நின்றார்கள். ஆற்றங்கரைச் சுவருக்குப் பக்கத்து ஊர் கெம்புதோ குகையில் நிலநடுக்கத்தில் சரிந்த எரிமலைக் கற்களைக் கொண்டுவந்து அடுக்கினார்கள். இன்று நாம் படம் பிடிக்கிற கரை அதுதான்.

ஒரு சண்டையும் உண்டு, எனக்கு இதுதான் இந்த ஊரின் மிக முக்கியமான கதை. அதுவரை விடுதிகளுக்குள் வெந்நீர்க் குளியல் கிடையாது, எல்லோரும் தெருவில் இறங்கிப் பொதுக் குளியல்கூடத்துக்குத்தான் போக வேண்டும். 1927இல் ஒரு விடுதி தனக்கென்று உள்ளேயே குளியல் அமைக்க, ஊற்று நிலத்துக்குச் சொந்தக்காரருடையதா ஊருக்குப் பொதுவானதா என்று வழக்கு தொடங்கி 1950 வரை இழுத்தது. கடைசியில் ஊற்று ஊர்ப்பொது என்று சமரசம் ஆனது, விடுதிக்குள் குளியல் வைக்கலாம் ஆனால் அளவு சிறியதாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அதனால்தான் இன்றும் மாலையில் எல்லா விருந்தினரும் தெருவில் இருக்கிறார்கள். பெரிய ஹோட்டல் ஒன்று மொத்தக் கூட்டத்தையும் உள்ளே விழுங்கிக்கொண்டு தெருவை வெறிச்சோட விடுகிற நிலை இங்கே வரவில்லை.

எப்போது போவது

நவம்பர் 6 முதல் மார்ச் 20 வரை நண்டுப் பருவம். மாட்சுபா நண்டு என்று பெயர், ஜப்பான் முழுவதிலிருந்தும் இதைச் சாப்பிடவே வருவார்கள், ஆகவே விலை ஏறும், வார இறுதிகளில் அறை கிடைப்பது கடினம். பனி பெய்யும் ஜனவரி, பிப்ரவரியில் திறந்தவெளித் தொட்டியில் உட்கார்ந்திருப்பதற்கு ஈடே இல்லை. நண்டு வேண்டாம், பனியும் வேண்டாம் என்றால் ஏப்ரல் முதல் வாரம் நல்லது, கியாமாச்சி தெருவில் ஆற்றோரம் செர்ரி பூத்திருக்கும். ஏப்ரல் 23, 24 தேதிகளில் தோச்சித் துறவியின் நினைவாக ஒன்சென் திருவிழா, அக்டோபர் 14, 15இல் தேர் போன்ற தன்ஜிரிகளை இழுக்கும் இலையுதிர்காலத் திருவிழா. ஜூன், ஜூலை மழை. ஆகஸ்டு புழுக்கம், அந்தப் புழுக்கத்தில் 42 டிகிரி தண்ணீரில் இறங்க மனம் வராது. ஆனால் அறை வாடகை குறைவு.

கிழமையையும் பாருங்கள். ஒவ்வொரு குளியல்கூடத்துக்கும் வாரத்தில் ஒரு விடுமுறை, ஒவ்வொன்றுக்கும் வேறு நாள். பராமரிப்புக்காக நீண்ட நாள் மூடுவதும் உண்டு. நீங்கள் ஆசைப்படுவது எதுவோ அது திறந்திருக்கும் நாளாகப் பார்த்து, ஊரின் சுற்றுலாத் தளத்தில் உறுதி செய்துகொண்ட பிறகு அறை பதிவு செய்யுங்கள். சனி இரவைத் தவிர்த்தால் விலையும் கூட்டமும் இரண்டும் குறையும்.

விடுதி பதிவு செய்வது

பகலில் வந்து இரண்டு மூன்று இடத்தில் குளித்துவிட்டு மாலை ரயிலில் திரும்பிவிடலாமே என்று பலர் கேட்கிறார்கள். முடியும்தான். ஒரு குளியல்கூடத்துக்கு நுழைவு 1000 யென்னுக்குள்தான், ஒரு நாள் சீட்டும் விற்கிறார்கள். ஆனால் செய்யாதீர்கள். கினோசாகியின் உயிர் மாலை ஐந்து மணிக்கு மேல் இரவு பத்து வரைக்கும், பிறகு மறுநாள் காலை ஏழு மணிக்கும்தான் இருக்கிறது. ஒரு இரவு கட்டாயம் தங்குங்கள்.

ரியோகான் எனப்படும் பாரம்பரிய விடுதிகளில் வாடகை அறைக்கு அல்ல, ஆளுக்கு. இரவு உணவு, காலை உணவு இரண்டும் சேர்த்து ஆளுக்கு 20,000 யென்னிலிருந்து 40,000 யென் வரை சாதாரணமாகக் கேட்பார்கள், நண்டுப் பருவத்தில் அதற்கு மேலும் போகும். விலையைப் பார்த்து மிரள வேண்டாம், உணவில்லாமல் வெறும் தங்கலுக்கு மட்டும் பதிவு செய்தால் பாதிக்கும் கீழே கிடைக்கிற இடங்கள் உண்டு. சில விடுதிகள் சின்னக் குளியல் வரியைக் கடைசியில் தனியாக வாங்குவார்கள்.

விடுதியில் பெரிய குளியல் இருக்கிறதா என்று தேடாதீர்கள், மேலே சொன்ன சமரசத்தால் பெரிதாக இருக்காது. பணத்தை அங்கே கொட்டுவதைவிட, ஆற்றங்கரைத் தெருவில் அமைந்திருக்கிறதா, சாப்பாடு எப்படி என்று பார்ப்பது புத்திசாலித்தனம். ஏழு குளியல்கூடங்களுக்கும் இலவச அனுமதி எல்லா விடுதி விருந்தினருக்கும் ஒன்றுதான், விலை குறைந்த விடுதியில் தங்கினாலும் அதே சலுகை. யுமெபா என்று அதற்குப் பெயர், விடுதியில் சேரும்போதே கொடுத்துவிடுவார்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். ஜப்பானியச் சமையலில் தாஷி என்ற ரசம் எல்லாவற்றிலும் இருக்கும், அது பெரும்பாலும் காய்ந்த கட்சுவோ மீனில் எடுத்தது. காய்கறி மட்டும் போட்ட கூட்டு, மிசோ சூப், முட்டைக்கோசு ஊறல் வரைக்கும் அது கலந்திருக்கலாம். "சைவம்" என்று மட்டும் எழுதினால் மீன் துண்டு இல்லாமல் மீன் ரசத்தோடு வரும். பதிவு செய்யும்போதே இறைச்சி, மீன், மீன் தாஷி மூன்றும் ஆகாது என்று தனித்தனியாக எழுதிக் கேளுங்கள். பல விடுதிகள் முடியாது என்று பதில் சொல்லும், அது மரியாதைக் குறைவல்ல, அந்தச் சமையலறையால் முடியாது, அவ்வளவுதான். அப்போது உணவில்லாத தங்கலை எடுத்துக்கொண்டு, கியோட்டோவிலோ ஒசாகாவிலோ கொஞ்சம் சாப்பாடு வாங்கி வந்துவிடுங்கள். மாட்டிறைச்சி தவிர்ப்பவர்களும் முன்கூட்டியே சொல்ல வேண்டும், ஏனென்றால் இது தாஜிமா மாடுகளின் பூமி, உலகப் புகழ் பெற்ற கோபே மாட்டிறைச்சி இந்த இனத்திலிருந்துதான் வருகிறது, விருந்தில் ஒரு தட்டாவது பெரும்பாலும் இந்த ஊர் மாட்டிறைச்சியாக இருக்கும்.

போய்ச் சேருவது

கியோட்டோவிலிருந்து கினோசாகி என்ற பெயரிலேயே ஒரு விரைவு ரயில், இரண்டரை மணி நேரம். ஷின்-ஒசாகா, ஒசாகாவிலிருந்து கோனோதோரி, ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம். ஹிமெஜி கோட்டை பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு ஹமாகாசே. ஒன்று கவனியுங்கள்: இவற்றில் சில வண்டிகள் ஃபுகுச்சியாமாவிலோ டொயோஓகாவிலோ நின்றுவிடும், கினோசாகி ஒன்சென் வரை போகிறதா என்று பார்த்து ஏறுங்கள், இல்லையென்றால் வழியில் மாற வேண்டும். கட்டணம் ஒரு வழிக்கு ஏறத்தாழ 5,000 யென்னோ அதற்கு மேலோ ஆகும், ஆகவே வெளிநாட்டினருக்கான ஜேஆர் கன்சாய் வைட் ஏரியா பாஸ் என்ற ரயில் சீட்டின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஐந்து நாள் செல்லும், இந்த விரைவு ரயில்களும் அடக்கம், இந்த ஊரோடு இன்னும் ஓரிரு இடம் போனாலே அது லாபம்.

பெரிய பெட்டியை கியோட்டோவிலோ ஒசாகாவிலோ வைத்துவிட்டு ஒரு முதுகுப்பையோடு வாருங்கள். உடை, துண்டு எல்லாம் விடுதியில் இருக்கும்.

மதியம் இரண்டு, மூன்று மணிக்குப் போய்ச் சேருவது மாதிரித் திட்டமிடுங்கள். அறை மூன்று மணிக்கு மேல் கிடைக்கும், அதற்கு முன்னால் போனால் பையை வைத்துக்கொள்வார்கள். இரவு உணவு ஆறு, ஆறரைக்குக் குறித்த நேரத்தில் பரிமாறப்படும், எட்டு மணிக்குப் போய் நின்றால் சமையல்காரர் காத்திருக்க மாட்டார்.

உடை

அறையில் யுகாதா என்ற மெல்லிய பருத்தி அங்கியை மடித்து வைத்திருப்பார்கள், சில விடுதிகளில் பெண்களுக்கு நிறம் தேர்ந்தெடுக்கலாம். இந்த ஊரில் யுகாதா அணிந்து தெருவில் நடப்பதே முறை, கூச்சப்படாதீர்கள், சாதாரண உடையில் போனால்தான் நீங்கள் தனியாகத் தெரிவீர்கள். கட்டும்போது வலப்பக்கத்தை முதலில் உடம்போடு ஒட்டி, அதன் மேல் இடப்பக்கம் வர வேண்டும். மாற்றிக் கட்டுவது இறந்தவர் உடலுக்கு, அதனால் விடுதிப் பாட்டி ஓடிவந்து திருத்திவிடுவார். குளிர்காலத்தில் மேலே தடித்த அங்கி தருவார்கள். காலில் கெத்தா என்ற மரச்செருப்பு, விடுதியின் பெயர் அதில் இருக்கும், ஆகவே குளியல்கூட வாசலில் நூறு ஜோடி கிடந்தாலும் குழப்பமில்லை. பழகாதவர்கள் சின்ன அடியாக வைத்து நடக்க வேண்டும், பனி உறைந்த நாளில் விடுதியில் கேட்டு வேறு செருப்போ பூட்ஸோ வாங்கிப் போடுங்கள்.

குளியல்: படிப்படியாக

இதுதான் பலருக்குப் பெரிய தயக்கம், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

வாசலில் செருப்பை விட்டு, அனுமதிச் சீட்டைக் காட்டி உள்ளே போங்கள். ஆண், பெண் தனித்தனி, வாசலில் தொங்கும் துணித்திரையில் 男 என்றிருந்தால் ஆண்கள், 女 என்றிருந்தால் பெண்கள். நிறத்தை மட்டும் நம்பாமல் இந்த இரண்டு எழுத்தையும் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். உடை மாற்றும் அறையில் எல்லாவற்றையும் கழற்றிப் பெட்டியில் வைக்க வேண்டும், உள்ளாடை, நீச்சலுடை எதுவும் கூடாது. ஆம், முழு நிர்வாணம். அங்கே இருக்கிற யாரும் யாரையும் பார்ப்பதில்லை, பாட்டி, மகள், பேத்தி என்று மூன்று தலைமுறை சேர்ந்து வந்திருப்பார்கள், ஐந்து நிமிடத்தில் உங்கள் கூச்சமும் போய்விடும். எவ்வளவு யோசித்தாலும் மனம் ஒப்பவில்லையா, விடுதியில் பூட்டிக்கொள்ளக்கூடிய குடும்பக் குளியல் இருக்கிறதா என்று பதிவின்போதே கேளுங்கள், பல இடங்களில் உண்டு. பச்சை குத்தியவர்களை ஜப்பானில் பல ஒன்சென்களில் விடமாட்டார்கள், கினோசாகியின் பொதுக் குளியல்கூடங்கள் அனுமதிக்கின்றன. கைபேசி மட்டும் வெளியே பெட்டியிலேயே இருக்கட்டும், எந்தக் காரணத்துக்கும் உள்ளே எடுக்காதீர்கள்.

கையில் சின்னத் துண்டு மட்டும். உள்ளே சுவரோரம் குட்டை முக்காலிகளும் குழாய்களும் வரிசையாக இருக்கும். உட்கார்ந்துதான் குளிக்க வேண்டும், நின்றால் பக்கத்தில் இருப்பவர் மேல் தெறிக்கும். சோப்புப் போட்டு உடம்பு முழுவதும் தேய்த்து, நுரை ஒரு துளியும் இல்லாமல் அலசுங்கள். தொட்டி அழுக்குப் போக்க அல்ல, சுத்தமான உடம்போடு இறங்குவதற்கு. நீளமான முடியை உயர்த்திக் கட்டுங்கள், தலைமுடியோ துண்டோ தண்ணீரில் படக்கூடாது, துண்டை மடித்துத் தலையில் வைத்துக்கொள்ளலாம். எண்ணெய் தேய்த்துக்கொண்டு வர வேண்டாம்.

இறங்குமுன் காலிலிருந்து மேல்நோக்கி வெந்நீரை மொண்டு ஊற்றி உடம்பைப் பழக்குங்கள். தண்ணீர் 42 டிகிரி சுற்றி இருக்கும், முதலில் சுடும். மெதுவாக இறங்கி மார்பு வரை ஐந்து நிமிடம், ஏறி ஓரத்தில் உட்கார்ந்து ஆறிக்கொண்டு மறுபடி ஐந்து நிமிடம். நீச்சல் அடிப்பது, முங்குவது, சத்தமாகப் பேசுவது கூடாது. தலை லேசாகச் சுற்றினால் உடனே எழாமல் மெல்ல ஏறுங்கள். குளிக்கும் முன்பும் பின்பும் தண்ணீர் குடியுங்கள், மது அருந்திவிட்டு இறங்காதீர்கள், வயிறு முட்டச் சாப்பிட்ட உடனேயும் வேண்டாம். இதய நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரிடம் கேட்டுவிட்டே வாருங்கள். கினோசாகி நீரில் உப்புச்சத்து இருப்பதால் வெளியே வந்த பிறகும் உடம்புச் சூடு நெடுநேரம் நிற்கும், பனியில் நடந்தாலும் குளிராது.

உடை மாற்றும் அறைக்குத் திரும்பும் முன் அந்தச் சின்னத் துண்டைப் பிழிந்து உடம்பைத் துடைத்துக்கொண்டு போங்கள். தரையை நனைப்பதுதான் அவர்களுக்கு நிஜமாகவே எரிச்சல்.

எந்தக் குளியல்கூடம்

ஒரே இரவில் ஏழையும் முடிக்க வேண்டும் என்று ஓடுகிறவர்களைப் பார்க்கலாம், மூன்றாவதிலேயே களைத்துப்போய் நாலாவதிலிருந்து வெறும் கணக்குக்காக நனைந்து வருவார்கள். மாலை உணவுக்கு முன் ஒன்று, உணவுக்குப் பின் ஒரு மணி நேரம் கழித்து ஒன்றோ இரண்டோ, காலையில் ஒன்று. போதும்.

கோ-னோ-யு ஊரின் மறுகோடியில், மலையடிவாரத்தில். இதுதான் எல்லாவற்றிலும் பழமையானது என்கிறார்கள், அடிபட்ட நாரை ஒன்று இந்த நீரில் நின்று காயம் ஆற்றிக்கொண்டதைக் கண்டு ஊற்றைக் கண்டுபிடித்தார்களாம். தோட்டத்துக்கு நடுவே திறந்தவெளித் தொட்டி, நிலையத்திலிருந்து தூரம் என்பதால் கூட்டம் சற்றுக் குறைவு. ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் என் ஓட்டு இதற்கு.

கோஷோ-னோ-யு அரண்மனை பாணியில் கட்டிய பெரிய கூடம், பின்னால் மலையும் அருவியும் தெரிகிற திறந்தவெளிக் குளியல். பேரரசர் கோ-ஹொரிகாவாவின் சகோதரி அன்கமோன்-இன் 1267இல் இங்கே வந்து குளித்ததாகப் பழைய நூல் சொல்கிறது. அழகில் இதுதான் முதலிடம், அதனாலேயே எப்போதும் நெரிசல்.

இச்சி-னோ-யு பாலத்தருகே நாடக அரங்கு மாதிரி நிற்கும். எடோ காலத்து (1603–1868) மருத்துவர் ககாவா ஷுதோகு இதை நாட்டிலேயே முதன்மையான நீர் என்று புகழ்ந்தார், பாறையைக் குடைந்த குகைத் தொட்டி இதன் சிறப்பு. மந்தாரா-யு பிரதான தெருவிலிருந்து விலகி அமைதியாக இருக்கும், தோச்சி கதை தெரிந்து போனால் அதற்கொரு தனி நிறைவு. யானகி-யு மிகச் சின்னது, மரத்தொட்டி, ஆழம், தண்ணீர் நல்ல சூடு, மதியத்துக்கு மேல்தான் திறக்கும். ஜிசோ-யு உள்ளூர் மக்களும் குழந்தைகளும் வருகிற எளிமையான இடம். சாதோ-னோ-யு நிலையத்தை ஒட்டியது, ஏழில் புதியது, நீண்ட நாள் மூடியிருக்கக்கூடும் என்பதால் திறந்திருக்கிறதா என்று முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள்.

அதிகாலையில் எழ முடிந்தால் ஏழு மணிக்குத் திறக்கும் ஒரு கூடத்தின் வாசலில் கொஞ்சம் முன்னதாகவே போய் நில்லுங்கள். அன்று முதலில் நுழைபவருக்கு மரத்தாலான 'முதலில் வந்தவர்' சீட்டு ஒன்றைப் பரிசாகத் தருகிற வழக்கம் உண்டு. சீட்டு கிடைக்காவிட்டாலும், இரவு முழுவதும் யாரும் தொடாத தண்ணீரில் நீங்கள் இறங்குவீர்கள்.

சாப்பாடும் தெருவும்

நண்டு சாப்பிடுகிறவர்கள் காலில் நீல அடையாளச் சீட்டு கட்டிய சுயியாமா நண்டைத் தேடுங்கள், பக்கத்துத் துறைமுகத்தில் இறங்கியது. ஒரு முழு விருந்தில் பச்சையாக, சுட்டு, வேகவைத்து, கடைசியில் அந்தச் சாற்றிலேயே சோறு போட்டு என்று எல்லா வகையிலும் வரும். உணவில்லாத தங்கல் எடுத்தவர்கள் ஆறு மணிக்கே சாப்பிட்டுவிடுங்கள், கடைகள் சீக்கிரம் மூடிவிடும். குளித்து வந்ததும் கண்ணாடிப் புட்டியில் குளிர்ந்த பால் குடிப்பது அங்கத்திய வழக்கம், அவசியம் செய்யுங்கள். ரோப்வே நிலையத்துக்கு அருகே ஊற்று நீரில் முட்டை வேகவைக்கும் இடம் இருக்கிறது, கடையில் வலைப்பையில் முட்டை வாங்கி நீங்களே தொங்கவிட்டுப் பத்து நிமிடம் சொச்சம் காத்திருக்க வேண்டும், பக்கத்திலேயே கால் நனைக்கும் தொட்டி இருப்பதால் நேரம் போவது தெரியாது. இரவில் பழைய பாணி துப்பாக்கி சுடும் விளையாட்டுக் கடைகள் திறந்திருக்கும். கையில் ரொக்கம் வைத்திருங்கள்.

மறுநாள்

காலை உணவு முடித்து அறையைக் காலி செய்து, பையை விடுதியிலேயே விட்டுவிட்டு ரோப்வே ஏறுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒரு வண்டி, 231 மீட்டர் உயர தைஷி மலை உச்சியிலிருந்து மருயாமா ஆறு கடலில் கலக்கிற இடம் வரை தெரியும். இறங்கும்போது நடு நிலையத்தில் ஒன்சென்ஜி. அங்கே மூலவராக இருக்கும் பதினொரு முகக் கன்னோன் (கருணையின் போதிசத்துவர்) சிலையை 33 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் மூன்று ஆண்டு காலம் முழுமையாகத் தரிசனத்துக்குத் திறக்கிறார்கள், கடைசியாக 2018இல் திறந்தார்கள். சிலையை முழுதாகப் பார்க்க முடியாவிட்டாலும் கோயிலுக்காகவே இறங்கலாம். அங்கிருந்து கல்படிகள் வழியாக நடந்தே ஊருக்குள் வந்துவிடலாம்.

அரை நாள் மிச்சமிருந்தால் கெம்புதோவைத் தவறவிடாதீர்கள். 16 லட்சம் ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு ஆறும்போது அறுகோணத் தூண்களாகப் பிளந்து நிற்கிற குகைகள். 1926இல் புவி இயற்பியலாளர் மொதோனோரி மாட்சுயாமா இந்தப் பாறையை ஆராய்ந்து, அதன் காந்தத் திசை இன்றைய திசைக்கு நேர் எதிராக இருப்பதைக் கண்டார். பூமியின் காந்தப்புலம் ஒரு காலத்தில் தலைகீழாக இருந்தது என்பதற்குக் கிடைத்த முக்கியமான ஆரம்பச் சான்றுகளில் ஒன்று இது, அந்த யுகத்துக்கு இன்றும் அவர் பெயர்தான். கெம்புதோ என்றே ஒரு ரயில் நிலையம் இருக்கிறது, ஆனால் அது ஆற்றின் மறுகரையில், அருகில் பாலம் கிடையாது. கினோசாகியிலிருந்து டாக்ஸியோ வாடகை சைக்கிளோ எடுப்பதுதான் சிக்கலில்லாதது. போகிற வழியில் வயல்களில் வெள்ளை நாரைகள் நின்றால் வண்டியை நிறுத்திப் பாருங்கள். ஜப்பானில் 1971இல் காட்டில் அடியோடு அழிந்துபோன இந்தப் பறவையை, இதே டொயோஓகா பகுதியில் வளர்த்து 2005இல் மறுபடி வானில் விட்டார்கள். நாரைக்காக இங்கே விவசாயிகள் பூச்சிமருந்தைக் குறைத்து நெல் விளைவிக்கிறார்கள், அந்த அரிசி ஊர்க் கடைகளில் கிடைக்கும்.

திரும்பும் ரயிலில், அதுவும் ஞாயிறு பிற்பகலில், இருக்கை கிடைப்பது சிரமம். முந்தின நாள் வந்து இறங்கியதுமே நிலையத்தில் முன்பதிவு செய்துவிடுங்கள்.